வரவேற்பறை இயந்திரத்துக்கு என்ன பெயர் வைப்பது?

கேள்வி: அக்கா, கொள்ளுப்பிட்டியில் ஒரு தனியார் கம்பனியில் மொழிபெயர்ப்பு வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. எங்கள் வரவேற்பறைக்கு ஆள் உயரத்தில், முகமும் கைகளும் உள்ள ஒரு இயந்திரம் வாங்கியிருக்கிறார்கள். மார்பில் ‘வரவேற்பாளர்’ என்று பட்டியும் குத்தியாயிற்று. அது அங்கே ஏற்கெனவே வேலை செய்கிற அக்காவின் பழைய பட்டி. பக்கத்தில் வைக்க மும்மொழி அறிவித்தல் ஒன்று வேண்டும். ஆங்கிலப் பிரதியில் ஓரிடத்தில் ‘ஹியூமனொயிட்’, இன்னோரிடத்தில் ‘அன்ட்ரொயிட்’, தலைப்பில் ‘ரோபோ’. ‘அன்ட்ரொயிட்’ என்று அப்படியே எழுதினேன். இங்கே போன் விற்கிறீர்களா என்று கேட்கிறார்கள். ‘எந்திரன்’ என்று போட்டால் சினிமா மாதிரி இருக்கிறதாம். முகாமையாளரோ, ‘ஆண்’ என்ற தமிழ்ச் சொல்தான் கிரேக்கத்துக்குப் போய் அன்ட்ரொயிட் ஆயிற்று என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி, அதையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்கிறார். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? தமிழில் என்ன எழுதலாம்? – கொழும்பு 3 வாசகர்

பதில்: தம்பி, அவசரமானதை முதலில் சொல்கிறேன். அந்த வாட்ஸ்அப் வரியை அறிவித்தலில் போடாதீர்கள். முகாமையாளரோடு சண்டை பிடிக்கவும் வேண்டாம். கீழே உள்ளதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் தேடியதைவிடச் சுவையான ஒரு சொந்தம் அதில் அகப்படும்.

கிரேக்கத்தில் ‘அனேர்’ என்றால் ஆண்மகன். வேற்றுமை ஏற்கும்போது அது ‘அன்ட்ரொஸ்’ ஆகும், ஆணினுடைய என்று பொருள். ‘எய்டொஸ்’ என்றால் தோற்றம், வடிவம். இரண்டும் சேர்ந்தால் ‘ஆணின் வடிவம் கொண்டது’. சொல்லின் நேர்ப்பொருள் அவ்வளவுதான். அந்த ‘ஒயிட்’ என்ற வால் நமக்கு நன்றாகப் பழகியது. கழுத்தில் இருக்கும் தைரொயிட்டுச் சுரப்பி, கேடயம் போன்றது என்று பெயர் வாங்கியது. வானியலில் அஸ்டெரொயிட் என்பது நட்சத்திரம் போன்றது. தொலைநோக்கியில் ஒரு புள்ளியாக, நட்சத்திரம் மாதிரித் தெரிந்ததால் அந்தப் பெயர். சுரப்பி கேடயமும் இல்லை, அந்தக் கல் நட்சத்திரமும் இல்லை. ‘போல’ என்பதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிற வால் அது.

‘ஆண்’, ‘அனேர்’ இரண்டும் காதுக்கு ஒன்றாகப் படுவது தற்செயல். கிரேக்கச் சொல்லின் உயிர் ‘நெர்’ என்ற பகுதியில் இருக்கிறது. முன்னால் நிற்கும் ‘அ’ அந்த மொழியின் தனி வளர்ச்சி. அதே வேரிலிருந்து வடமொழியில் வந்தது ‘நர’. நாம் சொல்லும் நரன், நரபலி, நரசிம்மர் எல்லாம் அதன் வழி. அதாவது உங்கள் போனில் இருக்கும் அன்ட்ரொயிட்டுக்கும் தூணைப் பிளந்து வந்த நரசிம்மருக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு. ‘எய்டொஸ்’ஸுக்கும் இங்கே உறவுக்காரர் இருக்கிறார்கள். காண்பது, அறிவது என்ற பொருளுள்ள வேர் அது. வடமொழி ‘வேதம்’, லத்தீன் வழி வந்த ‘வீடியோ’ இரண்டும் அதன் கிளைகள். முகாமையாளருக்கு இதைச் சொல்லுங்கள், மனம் ஆறுவார்.

இன்னொரு சின்ன விஷயம், எனக்குப் பிடித்தது. ‘அனேர்’ இல் ‘ட’ இல்லை, ‘அன்ட்ரொஸ்’ இல் எங்கிருந்து வந்தது? ‘ன்’ முடிந்து உடனே ‘ர்’ சொல்ல நாக்குக்குக் கஷ்டம். நடுவில் ஒரு ‘ட்’ தானாக முளைக்கிறது. ‘கன்று’ என்று எழுதுகிறோம், எழுத்தில் ட் கிடையாது. தமிழ்நாட்டுக்காரர் எழுத்துப்படி வாசிக்கும்போது அது ‘கன்ட்று’ என்று வருகிறதல்லவா? (யாழ்ப்பாணத்தார் நாங்கள் ‘கண்டு’ என்று முடித்துவிடுவோம்.) கிரேக்க நாக்குக்கும் அதே சோம்பல்தான்.

இதனால்தான் ‘டிரொயிட்’ என்று சுருக்கிச் சொல்வது சொற்பிரிப்பின்படி தவறு. பிரிக்க வேண்டிய இடம் ‘அன்ட்ர’வுக்குப் பிறகு. ‘டிரொயிட்’ என்று வெட்டினால் ஆணின் பாதி உடம்பு இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் கிடக்கும். ஆனால் 1977இல் ஒரு பெரிய ஹொலிவூட் படம் அந்தச் சுருக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பிவிட்டது. அதில் குப்பைத் தொட்டி உருவத்தில் உருண்டு திரிவதும் ‘டிரொயிட்’தான், மனிதச் சாயலே இல்லை.

கிரேக்கத்தில் மனிதர் என்று பொதுவாகச் சொல்ல ‘அன்த்ரொபொஸ்’ என்ற வேறு சொல் உண்டு. ‘அனேர்’ ஆணைத்தான் குறிக்கும். ஆகவே பெண் உருவ இயந்திரத்தை அன்ட்ரொயிட் என்பது, கறாராகப் பார்த்தால், பொருந்தாது. அதற்கென்று பெண் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லை வைத்து ‘கைனொயிட்’ என்று ஒன்று பண்ணினார்கள். எழுத்தாளர் சிலரைத் தவிர யாரும் கண்டுகொள்ளவில்லை. ‘ஹியூமனொயிட்’ லத்தீன் தலையும் கிரேக்க வாலும் உள்ள கலப்புப் பிள்ளை. தலை, இரண்டு கை, இரண்டு கால் என்ற அமைப்பு இருந்தால் போதும், உலோகம் வெளியே தெரிந்தாலும் ஹியூமனொயிட்தான். தோல், முடி, முகபாவம் என்று பார்த்தவர் ஒரு கணம் ஏமாறும்படி செய்திருந்தால் அதை அன்ட்ரொயிட் என்பது இன்றைய வழக்கம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் வரவேற்பறையில் நிற்பது முதல் வகை என்றுதான் தெரிகிறது.

சொல் பழையது. 1728இல் லண்டனில் ஈஃப்ரெயிம் சேம்பர்ஸ் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில் ‘அன்ட்ரொயிடிஸ்’ என்றே ஒரு பதிவு இருக்கிறது: மனித உருவில், உள்ளே இருக்கும் வில்சுருள்களால் நடக்கவும் பேசவும் செய்கிற பொறி என்று. அங்கே உதாரணமாக வருபவர் 13ஆம் நூற்றாண்டுத் துறவியும் அறிஞருமான அல்பேர்ட்டஸ் மக்னஸ். அவரைப் பற்றிய கதை இது. முப்பது வருடம் பாடுபட்டுப் பேசும் உருவம் ஒன்றைச் செய்தாராம். அது ஓயாமல் அலட்டிக்கொண்டிருந்ததாம். படிப்பைக் கெடுக்கிறதே என்று அவருடைய மாணவர் தோமஸ் அக்குவைனாஸ் ஒரு நாள் அதை அடித்து நொறுக்கிவிட்டாராம். பொரளையில் உயர்கல்வி நிறுவனம் இருக்கிறதே, அந்த அக்குவைனாஸ்தான். வெறும் கதைதான். ஆனாலும் உங்கள் இயந்திரம் ஒரே வரவேற்புரையை நாள் முழுக்கச் சொல்லத் தொடங்கினால், பக்கத்து மேசைக்காரர்கள் யார் கட்சி என்று உங்களுக்கே தெரியும்.

பொறியாகவே கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சுவிட்சர்லாந்தின் நியூஷத்தெல் நகருக்குப் போக வேண்டும். ஜாக்கே-துரோ என்ற கடிகாரக் குடும்பம் 1774இல் காட்சிக்கு வைத்த மூன்று உருவங்கள் அங்கே நூதனசாலையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று வெறுங்காலோடு மேசை முன் உட்கார்ந்திருக்கும் சின்னப் பையன். உள்ளே ஏறத்தாழ 6000 உறுப்புகள். வாத்து இறகுப் பேனாவை மைக்கூட்டில் தோய்ப்பான், சொட்டு விழாமல் ஒருதரம் உதறுவான், பிறகு எழுதுவான். கண் எழுத்தோடு கூடவே நகரும். 40 எழுத்து வரை எந்த வாசகத்தையும் எழுதும்படி சக்கரத்தை மாற்றி அமைக்கலாம். பாருங்கள், ‘தோய்ப்பான், உதறுவான்’ என்று நானே எழுதிவிட்டேன். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி ‘ரோபோ’. உங்கள் அறிவித்தலுக்கு உண்மையில் தேவைப்படும் சொல் இதுதான். கதையும் இதில்தான் கனமானது.

செக் நாட்டு எழுத்தாளர் கரெல் சாப்பெக் 1920இல் ‘ஆர்.யு.ஆர்.’ என்று ஒரு நாடகம் எழுதினார். 1921 ஜனவரி 25ஆம் திகதி பிராக் நகரின் தேசிய நாடக அரங்கில் மேடையேறியது. அதில் செயற்கையாக ஆட்களைச் செய்து விற்கும் ஒரு தொழிற்சாலை. அந்த ஆட்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று அவருக்கும் உங்களுக்கு வந்த அதே தலையிடி. லத்தீனில் உழைப்பு என்ற பொருள் வரும்படி ‘லபோரி’ என்று யோசித்தார். புத்தக வாசனை அடிக்கிறதே என்று பிடிக்கவில்லை. அண்ணன் ஜோசெஃப் ஓவியர். அவரிடம் போய்க் கேட்டபோது, அவர் தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு படம் தீட்டிக்கொண்டிருந்தார். அப்படியே, வேலையை நிறுத்தாமல், ‘அப்படியென்றால் ரோபோட் என்று வையேன்’ என்று முணுமுணுத்தார். கரெல் பின்னாளில் பத்திரிகையில் தானே எழுதிய விஷயம் இது. பெயரின் புகழ் தனக்கு வேண்டாம், அண்ணனுக்குரியது என்று சொல்வதற்காகவே எழுதினார்.

இன்னொன்று: அந்த நாடகத்து ரோபோக்கள் தகரத்தால் ஆனவை இல்லை. மா பிசைவதுபோல் ஒரு உயிர்க்கூழைப் பிசைந்து, தோலும் நரம்பும் தனித்தனியே செய்து பொருத்திய உடல்கள். அதாவது உலகின் முதல் ‘ரோபோ’ இன்றைய கணக்கில் ‘அன்ட்ரொயிட்’. பெயர்கள் இடம் மாறிவிட்டன. உங்கள் ஆங்கிலப் பிரதியை எழுதியவர் குழம்பியதில் பிழை சொல்ல முடியாது.

‘ரோபோட்’ வந்தது ‘ரொபொட்டா’ என்ற செக் சொல்லிலிருந்து. பண்ணையடிமைகள் வாரத்தில் இத்தனை நாள் நிலப்பிரபுவுக்குக் கூலியில்லாமல் செய்ய வேண்டியிருந்த கட்டாய வேலைக்குப் பெயர் அது. ஆஸ்திரியப் பேரரசில் 1848இல்தான் ஒழிக்கப்பட்டது. இதை நான் முதன்முதலில் வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏனென்றால் அதற்குச் சரியான தமிழ்ச் சொல் நம்மிடம் இருக்கிறது, அதுவும் நீங்கள் நாளுக்குப் பத்துத் தடவை எழுதுகிற சொல்.

ஊழியம்.

ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில் ‘ஊழியம்’ என்றால் இதேதான். வருடத்தில் இத்தனை நாள் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்குக் கூலியில்லாமல் வேலை. வராதவர் பணம் கட்ட வேண்டும். யார் யார் என்ன கடமைக்கு உரியவர் என்று தோம்பு எனப்படும் பதிவேடுகளில் பெயர் பெயராக எழுதி வைத்திருந்தார்கள். கண்டி இராச்சியத்தில் அதன் பெயர் ‘ராஜகாரிய’. பிரிட்டிஷ்காரர் 1832இல் ஒழித்தார்கள். பிராக் பக்கத்தைவிடப் பதினாறு வருடம் முந்திவிட்டோம். இன்று ‘ஊழியர்’ என்றால் மரியாதையான சொல், ஊழியர் சேமலாப நிதியத்துக்குப் பணம் கட்டுகிறோம். சிங்களத்தில் ‘ராஜகாரி’ என்றால் கந்தோர்க் கடமை. ரஷ்ய மொழியில் ‘ரொபொட்டா’வின் சகோதரச் சொல் சாதாரணமாக ‘வேலை’ என்றே வழங்குகிறது. ஒடுக்கிய சொல் காலப்போக்கில் கழுவித் துடைக்கப்பட்டு நல்ல சட்டை போட்டுக்கொள்வது எல்லா மொழியிலும் நடக்கிறது. எதிர்த்திசையிலும் நடக்கும். சோழர் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்பது கூலியில்லாக் கட்டாய வேலை. இன்று ‘வெட்டி வேலை’ என்றால் பயனில்லாத வேலை. கூலி கிடைக்காத வேலையைப் பயனில்லாத வேலை என்று நினைத்தவர் நியாயமான மனிதராகத்தான் இருந்திருப்பார்.

உங்கள் கந்தோரிலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் கொம்பனித்தெரு. ஒல்லாந்தக் கம்பனி தன் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம். ஆங்கிலப் பெயர் நெடுங்காலம் ‘அடிமைத் தீவு’ என்று அப்பட்டமாகவே இருந்தது. தமிழிலும் சிங்களத்திலும் கம்பனியின் பெயர் மட்டும் நின்றது. ஒரே இடம்தான். ஒரு மொழி அடைக்கப்பட்டவரைச் சொன்னது, மற்ற இரண்டும் அடைத்தவரைச் சொல்லின. மும்மொழி அறிவித்தல் எழுதுகிறவர் இதைத் தெரிந்திருப்பது நல்லது.

சொல்லைக் கொடுத்த ஜோசெஃப் சாப்பெக்கை நாஜிகள் 1939இல் பிடித்துக்கொண்டு போனார்கள். முகாம் முகாமாக இருந்து 1945இல், போர் முடியும் தறுவாயில், பெர்கன்-பெல்சனில் இறந்தார்.

போன் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அன்டி ரூபின் என்ற பொறியியலாளருக்கு ரோபோக்கள் என்றால் பைத்தியம். முன்பு அப்பிள் கம்பனியில் வேலை செய்தபோது கூட இருந்தவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘அன்ட்ரொயிட்’. 2003இல் நண்பர்களோடு கம்பனி தொடங்கியபோது அதையே வைத்தார். 2005இல் கூகுள் வாங்கியது, 2008இல் முதல் போன் வந்தது. ஒரு பட்டப்பெயர் உலகத்துப் பாதிச் சட்டைப் பைகளில் ஏறிவிட்டது. இனி அந்தச் சொல்லைக் கேட்டால் கொழும்பில் யாருக்கும் போன்தான் நினைவுக்கு வரும். ஆகவே அறிவித்தலில் அது வேண்டாம்.

தமிழில் என்ன எழுதலாம் என்பதற்கு வருவோம். ‘இயந்திர மனிதன்’ பழைய வழக்கம்; எனக்கு உடன்பாடில்லை. கடைசியில் நிற்கும் சொல்தான் தமிழில் தலைமைச் சொல். ‘இயந்திர மனிதன்’ என்றால் அது மனிதரில் ஒரு வகை ஆகிவிடும். ‘எந்திரன்’ என்பதும் ‘அன்’ விகுதியால் அதை ஆணாக்கிவிடுகிறது, உயர்திணை ஆக்கிவிடுகிறது. ‘எய்டொஸ்’ஸுக்கு நேரான சொல் நம்மிடம் ‘உரு’ என்று அழகாக இருக்கிறது. ‘ஆளுரு’ என்று அன்ட்ரொயிட்டுக்கு வைக்கலாம். ‘ஆள்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, கிரேக்கத்தில் இருந்த சிக்கலும் தீர்ந்தது. ஆனால் வரவேற்பறையில் நிற்கிற ஒருவர் ‘ஆளுரு’ என்று வாசித்து யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. அதைக் கட்டுரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய தமிழில் தேடினால் ‘பாவை’ கிடைக்கும். வள்ளுவர் 1020ஆவது குறளில் இதைத் தொட்டுவிட்டார்: ‘நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை நாணால் உயிர்மருட்டி யற்று.’ மனதில் நாணம் இல்லாதவர் நடமாடுவது, மரப்பொம்மை நாண்கயிற்றால் ஆடி உயிருள்ளதுபோல் மயக்குவதற்குச் சமம் என்கிறார். ‘உயிர்மருட்டல்’. அன்ட்ரொயிட் செய்கிற வேலையை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் வாசிக்கவில்லை. மேற்கத்தியச் சொல் உருவத்தோடு நின்றுவிட்டது. குறள் பார்க்கிறவருடைய மயக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது.

அந்த மயக்கத்தை வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையில் கண்டேன். இரண்டு பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் பொம்மைக்குச் சேலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ‘அவவின்ட கையைக் கழட்டு, அப்பதான் பிளவுஸ் ஏறும்’ என்றாள் ஒருத்தி. மற்றவள் கழற்றினாள். சேலை உடுத்தி, கொய்யகம் நீவி, ‘அவவுக்கு இந்த நிறம் எடுக்குது’ என்றெல்லாம் பேச்சு. நகர்த்தும்போது பொம்மை சரிந்து விழுந்தது. உடனே, ‘ஐயோ, அது விழுந்திட்டுது!’ நிற்கும்போது அவ, விழுந்தால் அது. அந்தப் பிள்ளைகள் யாரும் இலக்கணம் யோசிக்கவில்லை.

உங்களுக்கு வரப்போகும் அடுத்த சிக்கல் இதுதான். ஆங்கிலப் பிரதியில் வினைச்சொல் திணை காட்டாது. தமிழில் ‘பேசுவார்’, ‘பேசும்’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் சூத்திரமே ‘உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே’ என்று தொடங்குகிறது. அதே முதல் இயலில் பின்னால் ஒரு சூத்திரம் வருகிறது. பொருளால் உயர்திணை, ஆனால் வினை அஃறிணையாக முடியும் என்று சில சொற்களை அடுக்குகிறது. குழவி, மகவு எல்லாம் அதில் உண்டு. அதனால்தான் இன்றும் ‘குழந்தை அழுதது’ என்கிறோம். அந்த அடுக்கில் ‘அடிமை’யும் இருக்கிறது. உயிருள்ள மனிதன், ஆனால் ‘அடிமை வந்தது’. இங்கே புதுக்கடையில் உறுதிகளும் பிறப்புச் சான்றிதழும் மொழிபெயர்த்து இருபத்திரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். அந்தச் சூத்திரத்தைத் தாண்டும்போது இன்னும் ஒருதரம் நின்றுவிட்டுத்தான் போகிறேன். ஆளை ‘அது’ என்ற மொழியில், இயந்திரத்தை ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வராது.

சரி, அறிவித்தல். தலைப்பில் ‘வரவேற்பு ரோபோ’. கீழே: ‘இது ஒரு மனித உருவ இயந்திரம். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பதிலளிக்கும். இதன் கைகளைப் பிடித்து இழுக்க வேண்டாம். மேலதிக உதவிக்கு எமது ஊழியரை அணுகவும்.’ மூன்று மொழியும் உண்மையில் பேசுகிறதா என்று முதலில் பரிசோதியுங்கள். தமிழ் சரியாக வராவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் முறைப்பாடு உங்கள் மேசைக்குத்தான் வரும். ‘ஹியூமனொயிட்’, ‘அன்ட்ரொயிட்’ இரண்டுக்கும் ‘மனித உருவ’ என்ற ஒன்றே போதும். ஆங்கிலப் பிரதியிலும் ஒன்றை வெட்டச் சொல்லுங்கள்.

அந்தப் பட்டியைக் கழற்றிவிடுங்கள். ‘வரவேற்பாளர்’ என்பதன் முடிவில் இருக்கும் ‘ஆளர்’ மனிதருக்கு வைத்த விகுதி. இயந்திரத்துக்கு ‘வரவேற்பு ரோபோ’ என்று புதிதாக ஒன்று அச்சடியுங்கள். பழையதை அந்த அக்காவிடமே கொடுத்துவிடுங்கள், முகாமையாளர் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லலாம்.